காகிதத்தில் கல்லூரி! கட்டிலில் நோயாளி!

இரவு இரண்டு மணி. மருத்துவமனையின் பொது வார்டு. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய் நெடுநேரமாகிவிட்டது. உடன் வந்த உறவினர் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கட்டிலில் கிடக்கும் ஏழை நோயாளிக்கு அந்த நேரத்தில் யார் துணை? ஆண்டவனா? அமைச்சரா? சொந்தமா? பந்தமா? யாருமில்லை! கையில் அட்டையும் பேனாவும் ஏந்தி, கட்டில் கட்டிலாக நடந்து வருகிறாரே அந்த நர்ஸ், அவர் ஒருவர்தான் துணை. அவர் நாடி பிடித்து எழுதி வைக்கும் எண்ணை நம்பித்தான் காலையில் டாக்டர் மருந்தை மாற்றுகிறார். அவர் ஊசியில் ஏற்றும் அளவை நம்பித்தான் நோயாளி கையை நீட்டுகிறான்.

அந்த எண் பொய்யாக இருந்தால்? அந்த அளவு தவறாக இருந்தால்? அந்த நர்ஸ் படித்ததாகச் சொல்லும் படிப்பே நடக்காத படிப்பாக இருந்தால்?

கேட்கவே நடுக்கம் தரும் கேள்விதான். ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். நர்சிங் மாணவர்களிடையே காப்பியடிப்பதும், பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவதும், செய்யாத வேலையைச் செய்ததாகக் கணக்குக் காட்டுவதும் நடக்கின்றன என்று ஆசிரியைகளே வேதனையோடு பேசிக்கொள்கிறார்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்’ என்று பெருமூச்சு விட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறார்கள் பெரியவர்கள். நாம் அப்படித் தாவிவிட விரும்பவில்லை. இந்தப் பொய் எங்கே பிறக்கிறது, எவர் மடியில் வளர்கிறது, எவர் உயிரைக் குடிக்கிறது என்று பார்த்துவிட நினைக்கிறோம்.

வரலாற்றுத் தேர்விலே பிட்டு வைத்து எழுதுகிற பிள்ளை, அக்பர் பட்டமேறிய ஆண்டைத் தவறாக எழுதினால் அக்பருக்கு ஒரு கேடும் வந்துவிடப் போவதில்லை. மதிப்பெண் போகும், மானம் போகும், அத்தோடு சரி. நர்சிங் படிப்பிலே அப்படியல்ல. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுவோம். நம் நாட்டில் இன்சுலின் மருந்து இரண்டு வலுவில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருப்பது ஒன்று. 100 யூனிட் இருப்பது மற்றொன்று. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு 40-க்கு உரியது. ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு உரியது. 100 யூனிட் வலுவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை ஏற்றினால், உடம்புக்குள் போவது 10 யூனிட் அல்ல; 25 யூனிட்! சர்க்கரை சரசரவென்று இறங்கி நோயாளி நினைவிழப்பான். கவனிப்பாரில்லாவிட்டால் கண்ணையே மூடிவிடுவான். இந்தக் கணக்கைப் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து எழுதித் தேறிவிடலாம். வார்டில், இரவு இரண்டு மணிக்கு, பக்கத்து மேசை ஏது?

இன்னொன்றும் உண்டு. நோயாளியின் மூச்சை எண்ணுவது என்றால் ஒரு முழு நிமிடம் கட்டிலருகே நின்று, மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து எண்ணவேண்டும். அலுப்பான வேலை. எண்ணாமலே எல்லாருக்கும் ‘20’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் உலகத்தின் பல மருத்துவமனைகளிலும் உண்டு. நோய் முற்றுகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் மூச்சின் வேகம் ஒன்று. அந்த அடையாளத்தின் வாயைப் பொத்திவிடுகிறது அந்தப் பொய் ‘20’. மாணவப் பருவத்தில் ரெக்கார்டு நோட்டிலே எழுதிப் பழகிய பொய்தான், பிறகு நோயாளியின் அட்டையிலே வந்து குந்திக்கொள்கிறது.

இது நம்முடைய கற்பனையல்ல. 1985-ல் அமெரிக்காவில் கெயில் ஹில்பர்ட் என்ற ஆய்வாளர் நர்சிங் மாணவர்களிடம் விசாரித்தபோது, வகுப்பறையில் நேர்மை தவறுகிறவர்களுக்கும் வார்டில் நேர்மை தவறுகிறவர்களுக்கும் தொடர்பிருப்பதைக் கண்டார். வகுப்பில் ஒரு மனம், வார்டில் ஒரு மனம் என்று மனிதருக்கு இரண்டு மனம் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே மாணவியின் தவற்றைச் சின்னத் தவறு என்று நாம் தட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். காப்பியடித்த மாணவியைக் கையும் களவுமாகப் பிடித்து, தேர்வுக் கூடத்திலிருந்து வெளியே அனுப்பி, தாய் தகப்பனை வரவழைத்துத் தலைகுனிய வைக்கிறீர்களே, கல்லூரியே காப்பியடித்தால் யாரை வரவழைப்பீர்கள்?

கல்லூரி காப்பியடிக்குமா என்று வியப்படைய வேண்டாம். மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள்!

அந்த மாநிலத்தில் 2020-21-ஆம் கல்வி ஆண்டுக்கு அங்கீகாரம் பெற்ற நர்சிங் கல்லூரிகள் பல, சட்டம் கேட்கும் வசதிகள் இல்லாமலே நடக்கின்றன என்று உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. தொடுத்தவர்கள் யார்? கோடீசுவரர்களா, கல்வி வள்ளல்களா? இல்லை, சட்ட மாணவர்களின் சங்கம்! மருத்துவமனை இல்லாத கல்லூரி, கட்டடம் இல்லாத கல்லூரி, ஒரே ஆசிரியரின் பெயரைப் பல கல்லூரிகள் ஏட்டில் எழுதி வைத்திருக்கும் விந்தை என்று குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையைக் கூப்பிட்டு, போய்ப் பார்த்து வா என்றது. 2024-ன் தொடக்கத்தில் விவரம் வெளிவந்தது. பார்க்கப்பட்ட கல்லூரிகள் 308. அவற்றில் தகுதியுடையவை 169. குறைகள் உள்ளவை 73. கல்லூரி என்று சொல்லிக்கொள்ளவே தகுதியற்றவை 66!

308-ல் 66 என்றால், ஐந்து கல்லூரிக்கு ஒரு கல்லூரி கல்லூரியே அல்ல என்று பொருள். அவற்றுக்கெல்லாம் அங்கீகாரம் கொடுத்தது யார்? மோகினிப் பிசாசா வந்து முத்திரை குத்திவிட்டுப் போயிற்று? அதிகாரிகள் ‘நேரில் பார்த்தோம், நிறைவாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! மூச்சை எண்ணாமல் 20 என்று எழுதிய மாணவிக்கும், கட்டிலை எண்ணாமல் 100 என்று எழுதிய அதிகாரிக்கும் என்ன வேறுபாடு? மாணவிக்கு அலுப்பு, அதிகாரிக்கு ஆதாயம்!

கதை இத்தோடு முடிந்திருந்தால், விசாரணை நடந்தது, உண்மை வெளிவந்தது என்று மனம் ஆறியிருக்கலாம். ஆறவிட்டார்களா? 2024 மே மாதத்தில், இந்தக் கல்லூரிகளைப் பார்வையிடப் போன புலனாய்வுத் துறையின் இன்ஸ்பெக்டர் ஒருவரே, சாதகமான அறிக்கைக்காக 10 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக அதே துறையால் கைது செய்யப்பட்டார். 23 பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார். ‘தகுதியுடையவை’ என்று சான்று பெற்ற 169 கல்லூரிகளையும் மறுபடி போய்ப் பாருங்கள், நீதித்துறை அதிகாரி முன்னிலையில் பாருங்கள், படமெடுத்துக்கொண்டே பாருங்கள் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தேர்வுக்கூடத்தில் காவல் நிற்க அனுப்பியவரே பிட்டு விற்றால் நாடு எங்கே போகும்?

அந்த மாநிலத்தை அந்த ஆண்டுகளில் ஆண்டது பாரதிய ஜனதா கட்சி. ஊழலற்ற ஆட்சி என்று ஊர்தோறும் முழங்குகிறவர்கள், தகுதி, திறமை என்று நமக்குத் தினந்தோறும் பாடம் நடத்துகிறவர்கள், இந்த 66-க்கு என்ன பதில் சொல்கிறார்கள்? ஏழை வீட்டுப் பிள்ளை படிக்க வந்தால் தகுதித் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறீர்களே, கல்லூரி நடத்த வந்த பணக்காரனை நிறுத்தப் பார்க்க ஒரு தராசு உங்களிடம் இல்லையா? அதற்காக, அக்கட்சி ஆளாத மாநிலங்களில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லி நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. கல்வி எங்கே கடைச்சரக்காகிறதோ அங்கெல்லாம் இந்தக் கிருமி உண்டு. யார் ஆண்டாலும் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறோம்.

இத்தனை அமளியிலும் நசுங்கியவர்கள் யார்? மாணவர்கள்! 2020-21-ல் சேர்ந்தவர்கள், 2023-ல் தேர்வுகளுக்கு நீதிமன்றத் தடை வந்ததால், 2024 வரையில் முதலாண்டுத் தேர்வைக்கூட எழுத முடியாமல் தவித்தார்கள். நிலத்தை அடகு வைத்தோ, நகையை விற்றோ பெற்றோர் கட்டிய பணம் கல்லூரிக்காரரின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் இளமை நீதிமன்றப் படிக்கட்டில் கரைந்தது. ஒழுங்காக நடந்த கல்லூரியில் ஒழுங்காகப் படித்த பெண்ணும், ‘நீ எந்தக் கல்லூரி? அசலா, நகலா?’ என்று கேட்கப்படும் நிலைக்கு ஆளானாள். பொய்யின் கொடுமை இதுதான். பொய் சொன்னவனோடு அது நிற்பதில்லை. மெய் சொன்னவனையும் சந்தியில் நிறுத்திவிடுகிறது.

இதற்கெல்லாம் ஒரு மருந்து சொல்கிறார்கள் சில அறிவாளிகள். கல்லூரி எப்படியிருந்தால் என்ன, கடைசியில் நாடு முழுதுக்கும் ஒரே கண்டிப்பான தேர்வு வைத்து வடிகட்டிவிடலாம், தேறியவர் நர்ஸ், தேறாதவர் வீட்டுக்கு என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. நடந்ததைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் அப்படிப்பட்ட தேர்வு இருக்கிறது. எந்தக் கல்லூரியில் படித்தாலும் அந்த ஒரே தேர்வில் தேறினால்தான் நர்ஸ் உரிமம். 2023 சனவரியில் அந்நாட்டு அரசு ஒரு செய்தியை வெளியிட்டது. புளோரிடா மாநிலத்தில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரால் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன! 25 பேர் மீது குற்றச்சாட்டு. வாங்கியவர்கள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். விசாரணைக்கு வைத்த பெயர் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’. போலிச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் கண்டிப்பான தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் தேறிவிட்டார்கள்!

அவர்களில் பலர் ஏற்கெனவே கீழ்ப்படி நர்ஸாக வேலை பார்த்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள் என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. இருக்கட்டும். ஆனால் அந்த 2,400 நமக்கு உணர்த்துவது என்ன? தேர்வு என்பது விடை தெரியுமா என்று மட்டுமே கேட்கும். கட்டிலருகே நின்றாயா என்று அதனால் கேட்க முடியாது. பிரசவ வலியில் அலறும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மணிநேரங்களை, வெந்த புண்ணுக்குக் கட்டு மாற்றிய மணிநேரங்களை, இறந்துபோன கிழவரின் கண்ணை மூடிவிட்டு அவர் மகனிடம் செய்தி சொல்லிய மணிநேரங்களை, மூன்று மணிநேரத் தேர்வில் எப்படி அளப்பது? படிக்கிற காலத்தில் அந்த நேரம் வார்டில் கழிந்திருக்க வேண்டும். கழியவில்லையென்றால், பிறகு எந்தத் தேர்வும் அதைக் கொண்டுவந்து தராது.

அதனால்தான் நர்சிங் படிப்பின் விதிகள் புத்தகத்தைவிடக் கட்டிலை வற்புறுத்துகின்றன. நம் நாட்டில் நர்சிங் கல்லூரி நடத்த 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்பது கணக்கு. பட்டம் பெறுமுன் செய்முறைப் பயிற்சியில் நூற்றுக்கு நூறு வருகை வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு நூறு! வகுப்புப் பாடத்தில் சில நாள் குறைந்தாலும் பொறுக்கலாம். வார்டில் ஒரு நாளும் குறையக்கூடாது என்று விதி எழுதியவர்கள் விவரமறிந்துதான் எழுதினார்கள். மருத்துவமனையே இல்லாத கல்லூரியில் படிக்கும் மாணவி அந்த நூறை எப்படிக் காட்டுவாள்? பொய்யாகத்தான் காட்டியாக வேண்டும்! பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக எழுது, போடாத ஊசியைப் போட்டதாக எழுது, கையெழுத்து நாங்கள் போடுகிறோம் என்று கல்லூரியே பாடம் நடத்துகிறது. பொய்யைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் அவளைப் பார்த்து, ‘ஏனம்மா பொய் எழுதினாய்?’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நல்ல பள்ளிகள் எப்படிப் பிறந்தன என்று எண்ணிப் பார்க்கவேண்டும். 1860-ல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நர்சிங் பள்ளி தொடங்கியது எங்கே? லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில். நம் வேலூரிலே அமெரிக்க மாது ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கியது மருத்துவப் பணி; நர்சுகளுக்கான பள்ளி வந்தது 1909-ல்; பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப்படிப்பு வந்தது 1946-ல். முதலில் நோயாளி, பிறகு கட்டில், பிறகு பள்ளி, அதற்கும் பிறகு பட்டம்! அதுதான் முறை. இன்றைய வியாபாரிகள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். முதலில் பெயர்ப்பலகை, பிறகு கட்டணம், பிறகு பட்டம், கட்டில் எப்போதாவது!

நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கேந்திய கருணை வடிவமாக மட்டுமே படத்தில் காட்டுகிறார்கள். அவர் கணக்கில் கைதேர்ந்தவர் என்பதைச் சொல்வதில்லை. கிரிமியப் போரில் இறந்த படைவீரர்களைக் கணக்கெடுத்து, போர்க்காயத்தால் மடிந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் மடிந்தவர்களே மிகுதி என்று எண்களைக் கொண்டு நாட்டுக்கு எடுத்துக் காட்டியவர் அவர். ஆள்வோரை அசைத்தது அந்த எண். நர்சிங் தொழிலுக்கு அடித்தளமே உள்ளதை உள்ளபடி எழுதி வைப்பதுதான். அந்தத் தொழிலைக் கற்க வந்தவளுக்குப் பொய்க்கணக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பெரிய துரோகம் உண்டா?

மத்தியப் பிரதேசம் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த நர்ஸ் இன்னொரு மாநிலத்தில் பதிவை மாற்றிக்கொண்டு வேலை பார்க்கலாம்; அது அவர்கள் உரிமை. போபாலில் போட்ட பொய்க் கையெழுத்து சென்னையின் கட்டிலருகேயும் வந்து நிற்கலாம். நம் மாநிலத்தில் நர்சுகளைப் பதிவு செய்ய 1926-லேயே சட்டம் கண்டவர்கள் நாம். அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டு இருந்தால் போதாது. பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் மெய்யான கட்டில் இருந்ததா என்று பார்ப்பதிலும் நாம் முன் நிற்கவேண்டும்.

என்ன செய்யவேண்டும்? நாம் சொல்வது இவைதாம்.

நர்சிங் கல்லூரிகளின் பார்வை அறிக்கைகள் பூட்டிய பீரோவில் தூங்கக்கூடாது. எந்தக் கல்லூரிக்கு எந்த மருத்துவமனை, எத்தனை கட்டில், பார்க்கப் போன நாளில் எத்தனை கட்டிலில் நோயாளி இருந்தார், ஆசிரியர்கள் யார் யார், அவர்களுடைய பதிவு எண் என்ன என்பதெல்லாம் பெற்றோர் பார்க்கும்படி வெளியிடப்படவேண்டும். ஒரே பெயர் இரண்டு கல்லூரியில் இருந்தால் ஊரே பிடித்துக்கொடுத்துவிடும்.

பொய் அங்கீகாரம் வாங்கியவரோடு, கொடுத்தவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டும். 1947-ன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் புதிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. பெயர்ப்பலகை மாறினால் போதாது. கையெழுத்தின் யோக்கியதை மாறவேண்டும்.

மூடப்படும் கல்லூரிகளின் மாணவர்களைத் தெருவில் விடக்கூடாது. அரசினர் மருத்துவமனைகளில் அவர்களுக்கு இழந்த பயிற்சியைக் கொடுக்கவேண்டும். செலவை ஏமாற்றிய முதலாளியிடம் வசூலிக்கவேண்டும். அரசினர் நர்சிங் கல்லூரிகள் பெருகவேண்டும். நியாயமான கட்டணத்தில் இடம் கிடைத்தால், போலிக் கடையின் வாசலை யார் மிதிப்பார்கள்?

இறுதியாக வார்டின் பழக்கமும் மாறவேண்டும். ‘அக்கா, மருந்து தவறிக் கொடுத்துவிட்டேன்’ என்று ஓடிவந்து சொல்லும் மாணவியை நாலுபேர் முன்னால் வைத்து வசைபாடினால், அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள், மறைத்துவிடுவாள். உடனே சொன்னால் மாற்றுச் சிகிச்சை தந்து உயிரைக் காக்கலாம். தவறை ஒப்புக்கொண்டவளுக்குத் திருத்தம். தவறை மறைத்தவளுக்குத் தண்டனை. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு ஆசிரியையும் சிஸ்டரும் கடைப்பிடித்தால், பாதிப் பொய் பிறக்காமலே போகும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை ஏமாற்றியவர்களை நாம் எதிர்க்கிறோம், எதிர்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் அவர்கள் ஏமாற்றினார்கள் என்பதற்காக நீங்கள் நோயாளியை ஏமாற்றிவிடாதீர்கள். அவர் உங்களைவிட ஏழை, உங்களைவிட ஏமாளி, உங்களைத் தவிர வேறு துணையற்றவர். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதிலே இழிவில்லை. எண்ணாவிட்டால் எழுதாதீர்கள். உங்கள் கல்லூரியில் கட்டில் இல்லையென்றால், கட்டில் எங்கே என்று உரக்கக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் கேட்டவர்களும் மாணவர்கள்தாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே வரும் அந்தக் காலடி ஓசை, நோயாளிக்கு நிம்மதி தரும் ஓசையாக இருக்கவேண்டும். அதற்கு அந்த அட்டையில் எழுதப்படும் எண் மெய்யாக இருக்கவேண்டும். அந்த எண் மெய்யாக இருக்க, அவர் படித்த கல்லூரி மெய்யாக இருக்கவேண்டும். மேலே தொடங்கட்டும் மெய். கீழே தானாக வரும்!